வழக்கும் குளிர்த்தியும்

வைகாசி பிறந்துவிட்டால் கிழக்குக் கரை காயத் தொடங்கிவிடும். மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலே தன் ஈரத்தையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, வெறும் வெம்மையை மாத்திரம் சுமந்துகொண்டு வருகின்ற கச்சான் காற்று, வயல்வெளிகளையும் கடற்கரை வாடிகளையும் ஒருசேர வாட்டுகின்றது. குளத்து நீர் குறைகின்றது. கிணற்று நீர் அடியிலே தங்குகின்றது. அம்மை முதலான வெப்பு நோய்கள் பரவுமோ என்று முன்னோர் அஞ்சிய பருவமும் இதுவே. இந்தப் பருவத்திலேதான், ஆண்டின் பெரும்பகுதியும் அடைத்துக் கிடந்த கண்ணகை அம்மன் கோயில்களின் கதவுகள் திறக்கப்படுகின்றன.

நிந்தவூருக்கு வடக்கே சாலை வழியாகச் செல்வோர் அடுத்து அடையும் ஊர் காரைதீவு. அதற்கும் வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும் கல்முனையும். மேற்கே சம்மாந்துறையும் வீரமுனையும். ஊருக்கு ஊர் வழிபாடு மாறும், மொழி மாறுவதில்லை. ஓரூரில் பாங்கொலி கேட்கும். அடுத்த ஊரில் மணியோசை கேட்கும். இரண்டையும் கேட்டெழுந்து வயலுக்குச் செல்வோர் பேசுவது ஒரே தமிழ்தான். இத்தகைய அயலிலே, காரைதீவிலே, வைகாசிப் பூரணையை ஒட்டி நிகழும் கண்ணகைக்குரிய சடங்கு, ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய விழாவாயினும், அதன் கருத்து இக்கரை முழுவதற்கும் உரியது என்பது நம் துணிபு. அக்கருத்து யாது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சடங்கின் ஒழுங்கு

தீபாவளியையும் சிவராத்திரியையும் அறிந்த வெளியூரார் பலர் கிழக்கிலங்கையின் கண்ணகைச் சடங்கை அறியார். அவர்பொருட்டுச் சில கூறுதல் வேண்டும்.

காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களிலே பழமையாக நின்று நிலவும் இக்கோயில்களில் ஆகம முறைப்படியான நித்திய பூசையும் தேரும் தீர்த்தமும் முற்காலத்தே பெருவழக்காய் இருந்ததில்லை. ஆண்டுக்கொருமுறை வைகாசியிலே கதவு திறக்கும். சில நாள் சடங்கு நிகழும். பின்னர் கதவு அடைபடும். சடங்கை நடத்துவோர் கட்டாடியார் என்றும் கப்புகனார் என்றும் பெயர் பெறுவர். ஊரிலுள்ள குடிகள் ஒவ்வொன்றுக்கும் அதிலே ஓர் உரிமையும் ஒரு கடமையும் உண்டு.

கதவு திறந்த பின் கல்யாணக்கால் நடுவர். கோவலன் கண்ணகி திருமணத்தை நினைப்பூட்டும் சடங்கு அது. நெற்குற்றிப் பொங்கலிடுவர். இரவுதோறும் உடுக்கும் சிலம்பும் துணைசெய்யக் கண்ணகி வழக்குரை என்னும் நூல் படிக்கப்படும். அந்நூலிலே கண்ணகியின் பிறப்பும் மணமும் பிரிவும் சிலம்பு விற்கச் சென்ற துயரமும் கொலையும் முறைமுறையே சொல்லப்பட்டு, வழக்குரைத்த காதையிலே கதை உச்சம் அடையும். அதன் பின்னரே குளிர்ச்சிக் காதை. இறுதி நாளில் வேப்பிலை தோய்ந்த நீர் தெளித்துக் குளிர்த்தி பாடுவர். ஊரார் வாயிலே அது குளுத்தி. தெய்வத்தின் சினம் தணிக, மழை பொழிக, நோய் நீங்குக, நாடு செழிக்க என்பதே அப்பாடலின் வேண்டுகோள். நீர்த்துளி தம் மேனியிலே படவேண்டும் என்று குழந்தைகளை ஏந்திய தாய்மார் முண்டியடித்து நிற்பர்.

இதே கண்ணகியைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோ என வழிபடுகின்றனர். நவகமுவையிலே அவளுக்குப் பேர்பெற்ற தேவாலயம் உண்டு. கண்டியில் எசல பெரகராவிலே பவனி வரும் நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினியினுடையது. மட்டக்களப்பார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைக் கொளுவி இழுத்து முறிக்கும் கொம்பு விளையாட்டும், சிங்களக் கிராமத்தார் உடுபில, யட்டிபில எனப் பிரிந்து ஆடும் அங்கெலியவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. வன்னியிலே வற்றாப்பளைப் பொங்கலும் இதே வைகாசியிலே இதே கண்ணகிக்கே எடுக்கப்படுகின்றது. இலங்கையின் கயவாகு மன்னன் சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினி விழாவிலே இருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். வரலாற்றாசிரியர் அதுபற்றி எவ்வாறு வாதிடினும், இத்தீவிலே தமிழரும் சிங்களரும் ஒருசேரக் கும்பிடும் ஒரு பெண் உண்டு என்பதும், அவள் அரசனிடம் நீதி கேட்ட பெண் என்பதும் மறுக்கவொண்ணா உண்மைகள்.

இவ்வழிபாட்டைத் தாழ்வெனக் கருதியோரும் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவாகம நெறியை நிலைநாட்ட முயன்ற காலத்து, சமண மரபைச் சேர்ந்த வணிகப் பெண்ணொருத்தியை வழிபடுதல் தகாது எனக் கண்டித்தார். வடக்கிலே பல கண்ணகி கோயில்கள் பெயர் மாறி வேறு அம்மன் கோயில்களாயின. கிழக்கு மாறவில்லை. ஏடுகளைக் காத்தது, பாடலைக் காத்தது, சடங்கைக் காத்தது. காரைதீவு மண்ணிலே 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனம், பின்னாளில் விபுலாநந்த அடிகளாகிச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஆராய்ந்து 1947இலே யாழ் நூல் தந்தமை தற்செயலன்று என்போம். சிலம்பின் கதை ஆண்டுதோறும் இரவெல்லாம் ஒலித்த ஊரிலே பிறந்தவர் அவர். மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை 1964இலே எழுதிய வித்துவான் வி. சீ. கந்தையா, கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்துக் கற்றோர் கையிலே கொடுத்தார்.

இரு விசாரணைகள்

இனி, சடங்கின் உட்பொருளுக்கு வருவோம். வழக்குரை முன்னே, குளிர்த்தி பின்னே. இவ்வொழுங்கு ஏன்? இதனைத் தலைகீழாக்கிப் பாடிய கோயில் எங்கேனும் உண்டோ? இல்லை. வழக்கைக் கேளாமல் சினத்தைத் தணிக்க முடியாது என்பதை ஏட்டைப் படைத்த புலவனும் அறிவான். கேட்டுக்கொண்டிருக்கும் உழவனும் அறிவான்.

சிலம்பின் கதையிலே இரண்டு விசாரணைகள் உண்டு. முதலாவது, விசாரணை என்னும் பெயருக்கும் உரியதன்று. தேவியின் சிலம்பைக் காணோம் என்ற பரபரப்பிலே, பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை மட்டும் நம்பி, குற்றஞ்சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு கேள்வி தானும் கேளாமல், பாண்டியன் கொலைக்கு ஆணையிட்டான். ஒரு கணத்தில் முடிந்தது அந்தத் தீர்ப்பு.

இரண்டாவது விசாரணையோ முற்றிலும் வேறானது. ஒற்றைச் சிலம்போடு வாயிலிலே வந்து நின்ற பெண்ணை வாயிற்காவலன் துரத்தவில்லை, உள்ளே அறிவித்தான். அரசன் அவளை வரச்சொன்னான். நீ யார், உன் குறை யாது என்று கேட்டான். தன் கட்சியையும் சொன்னான். அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தன் தேவியின் சிலம்பிலே இருப்பது முத்து என்பதை அரசனே தன் வாயாலே ஒப்புக்கொண்டான். தனக்கு மாறான சாட்சியைத் தானே சொன்னான். கோவலனிடமிருந்து கவர்ந்த சிலம்பையும் தானே வருவித்துச் சபையிலே வைத்தான். அவள் அதனை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. அக்கணமே அவன் தன்னைத்தானே குற்றவாளி எனத் தீர்த்துக்கொண்டு அரியணையிலிருந்து வீழ்ந்து மாண்டான்.

கேட்க ஒருவன், சொல்ல ஒருத்தி, நடுவிலே ஒரு தடயம், உண்மை வெளிப்பட்டபோது தலைகுனியும் நாணம் — நீதிமன்றம் என்பதற்கு இவற்றிலும் மேலான இலக்கணம் உண்டோ? பாண்டியனை நாம் இன்றும் இகழாமைக்குக் காரணம் அவன் பிழை செய்யாமையன்று. பிழை வெளிப்பட்டபோது அதனை மறைக்காமையே.

ஆயின் கதை அங்கே முடியவில்லை. இதுவே சிந்திக்கற்பாலது. நீதி கிடைத்த பின்னும் அவள் சினம் தணியவில்லை. மதுரை எரிந்தது. அந்நிலையிலும் அறவோரையும் முதியோரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் தீண்டாமல், தீயோரை மட்டுமே பற்றுமாறு அவள் தீக்கு எல்லை வகுத்தாள் என்று காப்பியம் கூறுகின்றது. பின்னர் அச்சினத்தைத் தணித்தவர் யார்? ஈழத்து மரபு விடை சொல்கின்றது: அரண்மனையன்று, அமைச்சரன்று, படையன்று. ஆயர்சேரிப் பெண்கள். அவளுக்கு அடைக்கலம் தந்த அயலவர்கள். அவர்களே அவளைக் குளிர்வித்தனர்.

ஆகவே இச்சடங்கு இரண்டு கடன்களை உணர்த்துகின்றது. வழக்கைக் கேட்பது அரண்மனையின் கடன். குளிர்விப்பது அயலவரின் கடன். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. அரசு செய்ய வேண்டியதை அயலவன் தலையிலே சுமத்துதல் ஏமாற்று. அரசு செய்யவில்லை என்பதைக் காட்டி அயலவன் தன் கடனைக் கைவிடுதல் கொடுமை. நாம் சொல்ல வந்தது இதுவே.

தணியாத தீ

இவ்வளவும் எட்டாத காலத்துக் கதையாயிருப்பின் நாம் இங்கே எழுத வேண்டியதில்லை. இக்கரையிலே கேட்கப்படாத வழக்குகள் உள்ளன.

1990ஆம் ஆண்டின் ஆனியும் ஆடியும் ஆவணியும் எத்தகையவாய் இருந்தன என்பதை இங்கு வாழும் முதியோர் அறிவர். அவ்வாண்டு ஜூன் 11ஆம் நாள், சரணடையுமாறு பணிக்கப்பட்டுக் கிழக்கு மாகாணப் பொலிஸ் நிலையங்களிலிருந்து வெளிவந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அவருள்ளே சிங்களரும் முஸ்லிம்களும் இருந்தனர். ஓகஸ்ட் 3ஆம் நாள் இரவு காத்தான்குடியிலே இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுவருக்கு மேல் புலிகளின் துப்பாக்கிக்கு இரையாயினர். அடுத்த வாரம் ஏறாவூரிலே உறக்கத்திலிருந்த குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. ஓகஸ்ட் 12ஆம் நாள், சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையிலே பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் ஊர்காவற் படையினரையும் அதிரடிப்படையினரையும் குற்றஞ்சாட்டினர்.

கண்ணகியின் தீக்கு ஓர் எல்லை இருந்தது. இந்தத் தீக்கு எல்லையே இருக்கவில்லை. தொழுகையில் நின்றவரையும் அடைக்கலம் புகுந்தவரையும் குழந்தையையும் கிழவரையும் அது ஒன்றாகவே எரித்தது. கோயிலிலே அடைக்கலம் புகுந்தவனைக் கொன்றவன் எந்தச் சமயத்தையும் காத்தவன் அல்லன். பள்ளிவாசலிலே தலை தாழ்த்தியவனைச் சுட்டவன் எந்த இனத்தையும் விடுவித்தவன் அல்லன்.

இவ்வழக்குகளை அரண்மனை கேட்டதா? கேட்பது போலக் காட்டியது உண்டு. 1994ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. 2010இலே கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு வந்தது. அடுத்த ஆண்டு அதன் அறிக்கை வந்தது. 2013இலே மற்றுமோர் ஆணைக்குழு. 2016இலே காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம். ஒவ்வொன்றின் முன்னும் அதே தாய்மார் அதே புகைப்படத்தை ஏந்தி வந்தனர். அதே கேள்விக்கு அதே விடையைச் சொல்லினர். எழுதியோர் எழுதினர். ஆயின் மேலே சொன்ன நான்கு கொடுமைகளுள் ஒன்றுக்கேனும் இன்னார் குற்றவாளி எனத் தீர்த்துத் தண்டித்த தீர்ப்பை இக்கரை கண்டதில்லை. வாயிற்காவலன் உள்ளே விட்டான். அரியணையிலோ எவரும் இல்லை. சிலம்பு இன்னும் உடைக்கப்படாமல் சபையிலே கிடக்கின்றது.

இந்நிலையில் மேடைதோறும் நல்லிணக்கம் பேசப்படுகின்றது. மறப்போம், மன்னிப்போம் என்கின்றனர். மன்னிப்பு என்பது துன்பமுற்றவன் கையிலிருப்பது. ஆட்சியாளன் அதனை அவன் சார்பிலே வழங்கிவிட முடியாது. வழக்குரையைப் பாடாமல் குளிர்த்தியை மட்டும் பாடச் சொல்வதை ஒத்தது இது. அப்படிப் பாடினால் எந்தத் தெய்வமும் குளிராது. எந்த மனிதனும் குளிரமாட்டான்.

அயலவர் கடன்

அரசைக் குறை கூறிவிட்டு அமர்ந்துவிடுதல் எளிது. அயலவராகிய நாம் நம் கடனைச் செய்தோமா என்று நம்மையே கேட்டல் அரிது.

இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர்க்கொருவர் அந்நியர் அல்லர். இரு சாராரிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. கோயில் நிருவாகத்திலே குடிக்கு ஒரு வண்ணக்கர் என்றால், பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிக்கு ஒரு மரைக்கார். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் இருவர்க்கும் பொது. களவெட்டியிலே நெல்லைப் பொலி என்று மங்கலமாகச் சொன்னவர் இருவருமே. ஒருவர் வரம்பை ஒட்டியே மற்றவர் வரம்பு. ஒருவர் வயலைக் கடந்தே மற்றவர் வாய்க்கால். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் கொடியேறுகின்றது. அக்கொடியேற்றத்தைக் கடலோரத்துத் தமிழ் மக்களும் அறிவர்.

இதனாலே இரு சமயமும் ஒன்றே என்று சொல்ல வந்தோம் அல்லோம். அத்தகைய போலி ஒற்றுமை நமக்கு உடன்பாடன்று. அல்லாஹ் ஒருவனையன்றி வேறெவரையும் வணங்கேன் என்பவனை அம்மன் கோயிலுக்கு இழுத்து வந்து நிறுத்திப் புகைப்படம் பிடிப்பதனாலே நட்பு வளராது. நிந்தவூரார் காரைதீவின் குளிர்த்தி நீரைத் தெளித்துக்கொள்ள வேண்டுவதில்லை. ஆயின் ஒரு பெண் வாயிலிலே நின்று நீதி கேட்டாள், கேட்கப்பட்டாள் என்னும் கதையைக் கேட்டு, அது நியாயமே என்று சொல்வதற்கு எந்த மார்க்கமும் தடையன்று. சாட்சி உனக்கும் உன் பெற்றோருக்கும் மாறாயினும் நீதியிலே நிலைத்து நில் என்பது இஸ்லாத்தின் கட்டளையும் ஆகும். பாண்டியன் செய்தது அதுவே. நம்பிக்கை வேறாகலாம், நீதி வேறாகாது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, இலங்கையிலே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் நிந்தவூரும் ஒரே காலைப்பொழுதிலே பிணக்காடாயின. அலை எவரையும் பெயர் கேட்கவில்லை. பிணத்தை எடுத்தவனும் பெயர் கேட்கவில்லை. ஆயின் அழுகை ஓயுமுன்னே அரசியல் வந்தது. 2005 ஜூனிலே அரசும் புலிகளும் நிவாரணக் கட்டமைப்பு ஒன்றுக்குக் கையொப்பமிட்டனர்; பெருமளவில் மாண்டவருள் ஒருவராகிய முஸ்லிம் மக்களுக்கு அவ்வுடன்படிக்கையிலே கையொப்பமிடும் இடம் இல்லை. அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் அதன் முதன்மையான பகுதிகளைத் தடுத்து வைத்தது. ஒரு கட்சியாரைக் கேளாமல் செய்யப்படும் எதுவும் நிலைக்காது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இன்றும் நம்மிடையே வழக்குகள் உண்டு. வட்டமடுப் பகுதியிலே கால்நடை வளர்ப்போர் மேய்ச்சற்றரை என்பர். நெற்செய்கையாளர் தம் காணி என்பர். கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றி 2019 ஜூனிலே ஒரு பக்கத்தார் உண்ணாவிரதமிருந்தனர். மறுபக்கத்தார் எதிர்ப் போராட்டம் நடத்தினர். ஒவ்வொரு பக்கத்தாரும் தம் கூட்டத்திலே தம் வழக்கைத் தமக்கே சொல்லிக்கொள்கின்றனர். தம் கட்சிக்காரன் கைதட்டுகின்றான். மறுகட்சிக்காரன் கேட்கவில்லை. இதனை வழக்குரை என்று எவ்வாறு சொல்வது? எதிரிலே இருப்பவன் கேட்பதே வழக்குரை.

மறுப்புரைப்போர்க்கு

சமயச் சடங்கிலே அரசியலைப் புகுத்துகின்றீர் எனச் சிலர் சினக்கலாம். அன்பர்காள், நாம் புகுத்தவில்லை. அரசன் ஒருவன் நீதி தவறியதும், குடிமகள் ஒருத்தி அவனை அவையிலே எதிர்த்து நின்றதும் அரசியல் அன்றோ? அந்த அரசியலை எடுத்துவிட்டால் கண்ணகை கோயிலிலே எஞ்சுவது வேப்பிலையும் நீரும் மாத்திரமே.

பழையதைக் கிளறினால் பகை மூளும் எனச் சிலர் அஞ்சலாம். அவர் அச்சம் நேர்மையானதே. ஆயினும் அவரைக் கேட்கின்றோம்: கிளறாமல் விட்டதனாலே பகை அவிந்ததா? ஓகஸ்ட் மாதந்தோறும் ஒவ்வோரூரும் தன் இறந்தோரை மட்டும் நினைக்கின்றது. காத்தான்குடியிலே அழுவோர் வீரமுனையை நினைப்பதில்லை. வீரமுனையிலே அழுவோர் காத்தான்குடியை நினைப்பதில்லை. தன் வீட்டுப் பிணத்தை மட்டுமே எண்ணத் தெரிந்த பிள்ளைகள் இரு பக்கத்திலும் வளர்ந்து முப்பது வயதைத் தாண்டிவிட்டனர். சாம்பல் மூடிய நெருப்பு இது. மூடிக் கிடப்பதை அவிந்ததாக எண்ணுவோன் ஒருநாள் அதன்மேல் வெறுங்காலால் நடப்பான்.

எங்களுக்கு நீதி கிடைத்த பின்பே அவர்களோடு பேசுவோம் என இன்னும் சிலர் கூறலாம். அரசு தரவேண்டிய நீதிக்காக அயலவனைப் பணயம் வைத்தல் இது. பாண்டியன் தந்த தீர்ப்பை ஆயர்சேரி தந்திருக்க முடியாது. ஆயர்சேரி தந்த குளிர்ச்சியைப் பாண்டியன் தந்திருக்க முடியாது. அவரவர் கடன் அவரவர்க்கு.

செய்யத்தக்கன

சொல்லி முடிப்பதற்கு முன் செய்யத்தக்கன சிலவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது, சடங்கைச் சடங்காகவே காத்தல். வழக்குரை இரவிரவாகப் படிக்கப்பட வேண்டிய ஏடு. நேரமில்லை என்று அதனைச் சுருக்கி, ஒலிபெருக்கியிலே திரைப்பாட்டைப் பெருக்குதல் எங்கே நிகழினும் அங்கே வழக்கு கேளாது குளிர்த்தி பாடும் பிழையே நிகழ்கின்றது. இளைஞர் ஏடு படிக்கப் பழகவேண்டும். பொருளறிந்து படிக்கவேண்டும்.

இரண்டாவது, ஆலய பரிபாலன சபையாரும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையாரும் ஒருங்கிருந்து காணி, வாய்க்கால், மேய்ச்சற்றரை வழக்குகளைக் கேட்டல். மாலையும் பொன்னாடையும் வேண்டா. உறுதியும் வரைபடமும் மேசைமேல் வைக்கப்படட்டும். சிலம்பைச் சபையிலே வைத்தது போல. தன் பக்கத்து உறுதியிலே பிழையிருப்பின் அதனைத் தானே சொல்லும் துணிவு வேண்டும். அந்த ஒரு துணிவு நூறு சமாதானக் கூட்டங்களுக்கு மேலானது.

மூன்றாவது, ஒவ்வோரூரும் அயலூரின் இறந்தோரையும் நினைத்தல். வீரமுனையின் துயரைப் பற்றிச் சம்மாந்துறையும் நிந்தவூரும் ஒரு சொல் சொல்லட்டும். காத்தான்குடியின் துயரைப் பற்றிக் காரைதீவும் ஒரு சொல் சொல்லட்டும். அஃது எவனுடைய வழக்கையும் தோற்கச் செய்யாது. உன் வழக்கை நான் கேட்டேன் என்னும் அடையாளம் அது.

நான்காவது, அரசை நோக்கிய கோரிக்கையை ஒருங்கே எழுப்புதல். காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் வீரமுனைக்கும் சரணடைந்து மாண்ட பொலிஸாருக்கும் ஒரே நேரத்தில் நீதி கேட்கும் மனுவொன்றிலே இரு சமூகத்தாரும் கையொப்பமிடுவாராயின், ஒருவர் வழக்கைக் காட்டி மற்றவர் வழக்கை மறைக்கும் பழைய தந்திரம் எவருக்கும் பலிக்காது. பிரிந்து நின்று கேட்ட வரையில் அரண்மனைக்கு விடை சொல்லும் தேவை இருக்கவில்லை.

வைகாசி மீண்டும் மீண்டும் வரும். கச்சானும் வரும். கதவு திறக்கும், அடைபடும். கண்ணகை ஆண்டுதோறும் அதே வழக்கையே உரைக்கின்றாள். ஒருமுறை கேட்ட வழக்கை ஊர் ஏன் மீண்டும் மீண்டும் கேட்கின்றது? கேட்கும் பழக்கம் அற்றுப்போகாதிருக்கவே என்று நாம் கருதுகின்றோம். அப்பழக்கம் உள்ள மக்களுக்கு நம்பிக்கை உண்டு. அரண்மனை தன் கடனைச் செய்யும்வரை அதன் வாயிலை விட்டு நாம் நீங்க வேண்டா. அதுவரையில் அயலவர் வீட்டுக்குச் செல்லும் வழியையும் அடைக்க வேண்டா.

வழக்கு கேட்கப்படுக! அதன்பின் ஊர் குளிர்க!